செபமாலை முடியும்வரை தொடாத ஹார்ட் டிஸ்க்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கட்டும் என்று கேட்டிருந்தீர்கள். சிரிப்பாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. சரி, சிரிப்பை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஹெவ்லொக் டவுனில் இருந்து ஒரு பல் வைத்தியர் ஒருமுறை பழுதான டிஸ்க்குகளிலிருந்து தரவை மீட்டுக் கொடுக்கும் எங்கள் வெள்ளவத்தைக் கடைக்கு வந்தார். கையில் ஐஸ் பெட்டி. உள்ளே சோற்றுப் பொதி கட்டுகிற லஞ்ச் ஷீட்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். பிள்ளையின் கலியாண வீடியோ அதில் இருந்தது. டிஸ்க் வேலை செய்யவில்லை என்றதும் வெளிநாட்டில் இருக்கும் மருமகன், "ஃப்ரீசருக்குள்ளை வையுங்கோ மாமா, சரியா வரும்" என்று சொல்லியிருக்கிறான். மாமா வைத்திருக்கிறார், அறக்குளா மீனுக்குப் பக்கத்தில். நான் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழும்பின் ஈரக்காற்று பட்டு டிஸ்க் முழுவதும் வேர்த்துவிட்டது. மீன் வாசம் வேறு. "டொக்டர், பல்லு வலிக்குது எண்டு வாறவைக்கும் இதைத்தான் செய்வீங்களோ?" என்று கேட்டேன். பாவம், அவரும் சிரித்தார்.

ஆருக்கோ எப்போதோ சரிவந்த ஒரு வைத்தியத்தை எல்லா நோய்க்கும் கொடுப்பது என்பது அதுதான். வாடிக்கையாளர் அதைச் செய்தால் நாங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எங்கள் பட்டறைக்குள்ளேயே அது நடந்தபோது எவரும் சிரிக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். உங்களில் பலர் அந்தப் பழைய டிஸ்க்குகளைக் கையில் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிற டிஸ்க்குகளில் தரவை வாசிக்கிற, எழுதுகிற ஹெட் தானே வழி பார்த்துப் போகிறது. உள்ளே சுழலும் தட்டிலேயே இடக்குறிகள் இருக்கின்றன. ஹெட் அவற்றை வாசித்து, தான் கொஞ்சம் விலகி நிற்கிறேன் என்று தெரிந்தால் உடனே திருத்திக்கொள்ளும். ஆரம்பகாலத்துச் சின்ன டிஸ்க்குகளுக்கு அந்தக் கண் இல்லை. படிப்படியாக நகரும் ஒரு மோட்டார், அதனோடு ஒரு கை, கையின் நுனியில் ஹெட். அதை ஆட்டுவிக்கிற கன்ட்ரோலர் கார்டு "இத்தனை படி போ" என்று சொல்லும். மோட்டார் எண்ணிக்கொண்டு போய் நிற்கும். நின்ற இடம் தரவு இருக்கும் சரியான தடம்தானா என்று பார்க்க வழி இல்லை.

தெஹிவளையில் எங்கள் ஃபிளாட்டில் கரண்ட் போகிற நேரங்களில் நான் படிகளை எண்ணித்தான் ஏறுவேன். ஒரு படியும் தன் உயரத்தை மாற்றாது என்ற நம்பிக்கையில். டிஸ்க்குக்குள்ளே அந்த நம்பிக்கை செல்லாது. உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். சூட்டில் எழுதிய தடத்தைக் குளிரில் தேடிப் போனால் ஹெட் அதன் விளிம்பில் போய் நிற்கும். வாசிக்க முடியாது. அப்போது கன்ட்ரோலர் என்ன செய்யும் தெரியுமா? ஹெட்டை முதல் தடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடியும் எண்ணச் சொல்லும். மறுபடியும் அதே விளிம்பு. எண்ணிக்கை எப்போதும் சரியாகவே இருக்கும், போய் நிற்கிற இடம்தான் பிழை. இப்படியான ஆட்களோடும் நான் வேலை செய்திருக்கிறேன்.

இன்னொன்று. இன்றைய டிஸ்க்கில் கரண்ட் போனால் ஹெட் தானாகத் தரவு இல்லாத ஓரத்துக்கு ஓடிப்போய் ஒதுங்கிவிடும். பழையது ஒதுங்காது, நின்ற இடத்திலேயே தட்டின் மேல் உட்கார்ந்துவிடும். அதனால் முதலில் ஹெட்டை ஒதுக்கிவிட்டுத்தான் சுவிட்சை நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய தவக்காலம் அது. கொட்டாஞ்சேனையிலிருந்து ரெஜினா என்ற பெண் ஓர் ஆட்டோவில் பழைய கம்பியூட்டர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மடியில் என்றால் உண்மையாகவே மடியில், குழந்தையை வைத்திருப்பதுபோல. நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை.

"மிஸ், இது அப்பாவோடது. உள்ள அவரோட பாட்டெல்லாம் இருக்கு. எடுத்துத் தர ஏலுமா?"

அப்பா அந்தோனி மாஸ்டர் பங்குக் கோயிலில் ஆண்டுக்கணக்காகப் பாடகர் குழுவை நடத்தியவர். காதால் கேட்டு வாசிக்கிறவர், இசைக்குறி எழுதத் தெரியாது. அந்தக் காலத்தில் அலுவலகம் ஒன்று வேண்டாமென்று விற்ற கம்பியூட்டரை வாங்கி, ஒரு கீபோர்டையும் அதனோடு இணைத்து, தவக்காலத்துக்கென்று பாட்டுகள் கட்டியிருக்கிறார். கீபோர்டில் ஒவ்வொரு குரலாக வாசிப்பார், கம்பியூட்டர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிள்ளைகள் பாட வேண்டிய மேற்குரல் முதலில், பிறகு மற்றவை, கடைசியில் அடிக்குரல். பாட்டுகள் முடிந்த வருடம் குழுவில் பாதிப் பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வருடம் மீதிப் பேர். அந்தப் பாட்டுகளை எந்தக் கோயிலிலும் எவரும் பாடவே இல்லை. பிளொப்பியில் எடுத்து வைத்திருந்தவை பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன.

"இப்ப அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்திருச்சு மிஸ். பேச்சும் சரியா வரமாட்டேங்குது. ஆனா காது நல்லாக் கேக்குது. பெரிய வெள்ளிக்கு முந்தி ஒரு தடவ அவருக்குப் போட்டுக் காட்டணும். அவ்வளவுதான். அடுத்த வருஷம் எப்பிடியோ தெரியாது."

பணயத்தில் இருந்தது இதுதான். ஒரு மனிதர் தான் கட்டிய பாட்டை, காது இருக்கும்போதே, ஒரே ஒருமுறை கேட்பது. வேறு பிரதி கிடையாது.

எங்கள் பட்டறை ஏசி போட்ட அறை. வாடிக்கையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரித் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. வருடம் முழுவதும் அதை நிறுத்துவதில்லை. நான் அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தவள். மாஸ்டரின் டிஸ்க்கை அங்கே ஓட்டிப் பார்த்தேன். சுழன்றது. முதல் தடத்தைக் கண்டுபிடித்தது. பாட்டுகளின் பெயர்கள் தெரிந்தன. பாட்டைத் திறக்கப் போனால் டொக், டொக் என்று ஹெட் திரும்பத் திரும்ப முதலுக்கே போய் வந்தது. சூட்டுக் கோளாறாக இருக்கலாம் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் அந்த வயது டிஸ்க்குக்கு வேறு நோய்களும் உண்டு. கார்டு பழுதாக இருக்கலாம், கையின் பட்டி தளர்ந்திருக்கலாம். அதனால் ஹெட்டை ஒதுக்கி, நிறுத்தி, சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, "தொடவேண்டாம்" என்று பெரிதாக எழுதினேன். ரெஜினாவின் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று முகாமையாளரிடம் சொன்னேன்.

எனக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பழைய இயந்திரம் எதுவானாலும், அது வாழ்ந்த இடத்தைப் பார்க்காமல் கைவைக்க மாட்டேன். முகாமையாளருக்கு அது வேடிக்கை. என்னைவிட வயதில் நல்ல இளையவர். கை சுத்தம், படிப்பும் இருந்தது. இன்றைய டிஸ்க்குகளில் அவர் மீட்டுக் கொடுத்ததை நான் மீட்டிருக்க மாட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நோயாளி இஞ்சை கிடக்குது, நீங்கள் வீட்டைப் பாக்கப் போறீங்கள் அக்கா," என்றார்.

"வீட்டைப் பாத்தால்தான் நோய் தெரியும் தம்பி. நான் வரும் வரைக்கும் அதைப் போடாதேங்கோ."

"ஓம் ஓம், நீங்கள் போயிட்டு வாங்கோ."

கொட்டாஞ்சேனையில் ரெஜினாவின் வீடு ஒரு ஒடுங்கிய சந்துக்குள் இருந்தது. கீழே ஒரு அறையில் மாஸ்டர் சாய்வு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்து இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். மேலே ஏறினோம். கம்பியூட்டர் இருந்த அறை அஸ்பெஸ்டஸ் கூரைக்கு நேர் கீழே. நேரம் மத்தியானம். உள்ளே கால் வைத்த உடனே கழுத்தில் வேர்வை ஓடியது. மேசை மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது, கம்பியூட்டர் இருந்த இடம் சதுரமாக நிறம் மாறியிருந்தது.

"இஞ்சை ஃபேன் இல்லையோ?"

"இருக்கு மிஸ். அப்பா போட விடமாட்டாரு. சத்தத்தில சுருதி கேக்காதுன்னு சொல்லுவாரு. மத்தியானப் பூச முடிஞ்சு வந்து இதுக்குள்ளதான் இருப்பாரு. சட்டையெல்லாம் நனைஞ்சு போகும்."

"வந்த உடனை வேலையைத் தொடங்குவாரோ?"

ரெஜினா சிரித்தார். "இல்ல. இதப் போட்டுட்டு, பக்கத்தில உக்காந்து முழுச் செபமாலையும் சொல்லுவாரு. சொல்லி முடிஞ்சாத்தான் தொடுவாரு. எங்களையும் தொட விடமாட்டாரு. ஒருநாள் நான் அவசரத்துக்குச் செபம் சொல்லாமத் தொட்டேன், பாட்டு வரவே இல்ல. நல்லா ஏச்சு வாங்கினேன். அப்பா அவ்வளவு பக்தி."

நான் அந்தச் சூட்டில் அப்படியே நின்றேன். பக்தி இருந்திருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு முழுச் செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் அந்த டிஸ்க் சூடேறுகிற நேரம். அவருக்குத் தெரிந்து செய்தாரா, பழக்கத்தில் அப்படி அமைந்துவிட்டதா என்று கேட்க இப்போது வழி இல்லை. பாட்டுகள் எல்லாம் இந்த அறையின் மத்தியான வெக்கையில், நன்றாகச் சூடேறிய டிஸ்க்கில் எழுதப்பட்டவை. எங்கள் ஏசி அறையில் அவை ஒருபோதும் வாசிக்கப்படமாட்டா. இங்கே கொண்டுவந்து வைத்து, செபமாலை சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தால் வந்துவிடும். அவ்வளவு லேசான காரியம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரெஜினாவின் கையைப் பிடித்து, "அப்பான்ரை பாட்டு இருக்குது. நாளைக்கே எடுக்கலாம்," என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான் காலையிலயும் உங்க ஒஃபிசுக்கு கோல் எடுத்தேன் மிஸ்," என்றார் ரெஜினா. "பெரிய வெள்ளிக்கு முந்தி கெடைக்குமான்னு கேட்டேன். மனேஜர் ரொம்ப நல்லாப் பேசினாரு. நான் இன்னைக்கே பாத்துத் தாறேன்னு சொன்னாரு."

சந்தோஷம் அந்த இடத்திலேயே இறங்கிப் போயிற்று. முகாமையாளரின் தொலைபேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பட்டறை இலக்கத்துக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் வழியில் எத்தனை சிவப்பு விளக்கு என்று கொழும்பில் இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "டிக்கக் இக்மனட்ட யன்ன மல்லி," கொஞ்சம் வேகமாகப் போங்கள் தம்பி, என்று சாரதியிடம் சொல்லிச் சொல்லி வந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

படியேறும்போதே சத்தம் கேட்டது. டொக், டொக் இல்லை. டிக், டிக், டிக் என்று ஒரே சீராக. ஒரு பழைய டிஸ்க் ஒழுங்காக ஓடுகிற சத்தம். அதைக் கேட்டுத்தான் மிச்சப் படிகளை ஓடி ஏறினேன்.

பழைய டிஸ்க்குகளுக்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஒவ்வொரு தடமாக வாசிக்கும், அந்தத் தடத்தை ஹெட் இப்போது நிற்கிற இடத்திலேயே புதிதாகப் போடும், வாசித்ததைத் திரும்ப அதில் எழுதும். டிஸ்க் சரியான சூட்டில் இருந்தால் நல்ல மருந்து. முகாமையாளர் இணையத்தில் தேடிப் படித்து, அந்த மென்பொருளை எடுத்து, நான் ஒட்டிய டேப்பைக் கிழித்துவிட்டு ஓடவிட்டிருக்கிறார். ஏசி அறையில். குளிர்ந்துபோய் இருந்த டிஸ்க்கில். வாசிக்க முடியாமல் போனதையெல்லாம் அது வெறுமையாக எழுதிக்கொண்டே போகும், பழைய தடத்தின் பாதிமேல் ஏறி. பிறகு எந்தச் சூட்டிலும் அது திரும்பி வராது.

"என்ன செய்யிறீங்கள் தம்பி?"

"றிப்பேர் போகுது அக்கா. பாதிக்கு மேலை முடிஞ்சுது. காலமை கிடந்த பிழை ஒண்டும் இப்ப இல்லை, பாருங்கோ." அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. திரையில் வெளித்தடத்திலிருந்து உள்தடம் நோக்கிப் பச்சைக் கட்டங்கள் வரிசையாக நிறைந்துகொண்டிருந்தன. பிழை எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் இப்போதுதானே புதிதாக எழுதியிருக்கிறது. காலி வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வதுபோல.

"நிப்பாட்டுங்கோ."

என் குரலைக் கேட்டுப் பயந்துபோனாரோ தெரியாது, உடனே கையைப் பின்பக்கச் சுவிட்சுக்குக் கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அதிலை கை வையாதேங்கோ. ஹெட் எழுதிக்கொண்டிருக்குது. இப்ப கரண்டை எடுத்தால் மிச்சத்துக்கு மேலையே உக்காந்திடும்."

இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள் பிள்ளைகளே. கண்ணுக்கு முன்னால் தடம் தடமாக அழிந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு டிக்கும் மாஸ்டரின் ஒரு வரி. மனம் சொல்கிறது, வயரைப் பிடுங்கு என்று. பிடுங்கினால் ஹெட் எஞ்சியிருக்கும் நல்ல தடத்தின் மேல் விழுந்து கீறும். நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அது உடனே நிற்கவில்லை. கையில் எடுத்த தடத்தை முடித்தது. நிச்சயமாக நிறுத்தவா என்று கேட்டது. ஆம் என்றேன். அது கேட்டு முடிக்கும் வரை, நான் அழுத்தி முடிக்கும் வரை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. பிறகு ஹெட்டை ஒதுக்கினேன். பிறகுதான் சுவிட்ச். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகச் சரியான காரியம் அதுதான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

செபமாலையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். மேசை விளிம்பைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை என்று திரும்பவும் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டு மனம் இளகித்தான் இதைத் தொட்டார். அவர் தொட்டதற்கு நான் இவ்வளவு கசப்போடு எழுதமாட்டேன். பிழை விடாமல் எவரும் இந்தத் தொழிலில் நரைக்க முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ரெஜினாவே அழைத்தார். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பயந்திருப்பார். முகாமையாளர் எடுத்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மிஸ், சொறி. உங்கட டிஸ்க் இஞ்சை வரேக்கையே செத்துத்தான் வந்தது. ஆட்டோவிலை கொண்டுவந்த குலுக்கத்திலை போயிருக்கும். நாங்கள் ஒரு சல்லியும் எடுக்கமாட்டம்."

குலுக்கம். அந்தப் பிள்ளை மடியில் வைத்துக் கொண்டுவந்த டிஸ்க்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எல்லா இடத்திலையும் இப்பிடித்தான் அக்கா சொல்லுறது. செத்து வந்தது எண்டால் ஆருக்கும் கவலை இல்லை."

அது உண்மை. எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்களும் இதற்குள் அந்த வசனத்தைப் பழகியிருப்பீர்கள். எங்கள் தொழிலில் வாடிக்கையாளருக்கு மேசைக்குப் பின்னால் நடப்பது தெரியாது, அதனால் அந்த வசனம் ஒருநாளும் எடுபடாமல் போவதில்லை. அன்றைக்கும் எடுபட்டிருக்கும். ரெஜினா தன் மடியைத்தான் குற்றம் சொல்லியிருப்பார், சாகும்வரை.

தொலைபேசியை வாங்கினேன். "ரெஜினா, டிஸ்க் செத்து வரேல்லை. உயிரோடைதான் வந்தது. இஞ்சைதான் அழிஞ்சுது. எங்கடை பிழை. உங்கடை கையாலை ஒண்டும் நடக்கேல்லை."

அந்தப் பக்கத்தில் சந்தில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பியது கேட்டது. பிறகு ரெஜினா கேட்டார்:

"அப்போ மிஸ், காலையில இருந்திச்சா?"

"இருந்தது."

ஏசினால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. "அப்பாகிட்ட நாளைக்குன்னு சொல்லிட்டேனே," என்றார். அவ்வளவுதான். முகாமையாளர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு மட்டுமல்ல, நான் அங்கே இருந்த கடைசி நாள் வரை அவர் என்னோடு வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, கடையின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றார். பிரியாவிடைக்குக் கேக் வெட்டினார்கள். நான் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அந்தக் கம்பியூட்டரை நானே மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மேல் அறையில், நிறம் மாறிய அந்தச் சதுரத்திலேயே வைத்தோம். ஃபேன் போடவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு, "சொல்லுங்கோ," என்றேன். ரெஜினா மணிகளை உருட்டிச் செபமாலை சொன்னார். நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். வேர்க்க வேர்க்கப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நிறுத்துகிற இடங்களில் நானும் நிறுத்திக்கொண்டிருந்தேன். முடிந்ததும் தொட்டேன்.

வெளித்தடங்கள் போய்விட்டன. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற விலாசங்களும் அவற்றோடு போய்விட்டன. ஆனால் அந்த மென்பொருள் எட்டாத உள்தடங்கள் ஒரு டொக்கும் இல்லாமல், வெண்ணெய் மாதிரி வாசித்தன. அந்த அறையில் அந்தச் சூட்டில் அந்த டிஸ்க்குக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. கிடைத்ததில் பெரும்பகுதி வேறு யாரோ முன்பு வைத்திருந்த அலுவலகக் குப்பை. ஒரே ஒரு பாட்டின் வால் மட்டும் இருந்தது. வால் என்றால் மாஸ்டர் கடைசியாக வாசித்த பகுதி. முன்னால் இருந்த மேற்குரல் இல்லை, நடுக்குரல்கள் இல்லை. அடிக்குரல் மட்டும் முழுதாக.

அதை ஒழுங்காக்கச் சில நாட்கள் பிடித்தன. பெரிய வியாழனன்று கீழ் அறையில் மாஸ்டரின் நாற்காலிக்கு முன்னால் அவருடைய பழைய கீபோர்டை வைத்து, என் மடிக்கணினியை அதோடு இணைத்தேன். எல்லாம் கிடைக்கவில்லை என்று ரெஜினா அவரிடம் சொல்லியிருந்தார். எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

அடிக்குரல் தொடங்கியது. மெதுவான, கனத்த சுரங்கள், ஒருவர் யோசித்து யோசித்து நடப்பதுபோல. மாஸ்டர் கண்களைத் திறந்தார். அடையாளம் கண்டுகொண்டார், அதில் சந்தேகமே இல்லை. முகத்தின் வாதம் தொடாத பாதி முழுவதும் வெளித்தது. தலை தாளத்துக்கு அசைந்தது. பிறகு, நாங்கள் எதிர்பார்க்காத ஓரிடத்தில், இடது கையை உயர்த்தி, வாசல் பக்கம் பார்த்து, விரல்களால் இழுத்து அழைத்தார். பாடகர் குழுவுக்கு, இப்போது நீங்கள், என்று சொல்கிற கை.

கீழ்ச்சுரங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

கையை இறக்காமல் மகளைப் பார்த்தார். வார்த்தைகள் குழறின, ஆனாலும் எனக்கே விளங்கியது.

"புள்ளைங்க ஏன் சும்மா இருக்காங்க?"

ரெஜினா என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இருந்தது, ஏசி அறை, சூடு, தடம், விளிம்பு என்று எல்லாம் இருந்தது. "வருவாங்க அப்பா," என்றார் ரெஜினா. "இன்னொருக்கா போடுங்க மிஸ்."

போட்டேன். அவர் மறுபடியும் அதே இடத்தில் கையை உயர்த்தினார். அந்தக் கை அலுத்து மடியில் இறங்கும் வரை நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தோம்.